காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் சேவை: மறுக்கப்பட்ட மருத்துவ க்ளெய்முக்கு முதலில் போக வேண்டிய இடம்

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் க்ளெய்மை மறுத்துவிட்டது என்று யாராவது சொன்னால், கன்ஸ்யூமர் கோர்ட்டில், அதாவது நுகர்வோர் ஆணையத்தில், கேஸ் போடுங்கள் என்றுதான் நம்மில் பலரும் ஆலோசனை சொல்கிறோம். அந்த ஆலோசனை தவறில்லை. ஆனால் அதற்கு முன்பே போய் நிற்கக்கூடிய, கட்டணமே இல்லாத, வழக்கறிஞருக்கு இடமே இல்லாத ஓர் அமைப்பு இருக்கிறது என்பதும், இரண்டையும் எந்த வரிசையில் அணுகுகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றின் வாசல் அடைபட்டுப் போகக்கூடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பாலிசிதாரருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான தகராறை விசாரித்து ஆணையிடும் அந்த அமைப்புதான் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். என் பெரியம்மாவின் பித்தப்பை அறுவை சிகிச்சைக்கான பணம் மறுக்கப்பட்டபோது அவருக்காகப் புகார் எழுதி, விசாரணையில் உடன் அமர்ந்து, ஆணை கைக்கு வரும் வரை பின்தொடர்ந்தவன் என்ற முறையில் இந்தச் சேவையை மதிப்பிட்டு எழுதுகிறேன். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ இங்கே குறிப்பிடப்போவதில்லை. அவர்கள் செய்தது இந்தத் துறையில் தினமும் நடப்பதுதான்.

முதலில் இது என்ன அமைப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் முறை 1998-ல் மத்திய அரசு வகுத்த விதிகளால் உருவானது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2017-ம் ஆண்டின் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் விதிகள். நாடு முழுவதும் பல நகரங்களில் இதன் அலுவலகங்கள் இருக்கின்றன. சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் தமிழ்நாடு முழுவதும், புதுச்சேரி நகரமும் காரைக்காலும் வருகின்றன. தேனாம்பேட்டையில் அண்ணா சாலை 453-ம் எண்ணில், ஃபாத்திமா அக்தர் கோர்ட் என்ற கட்டடத்தின் நான்காவது தளத்தில் அலுவலகம் இருக்கிறது. 2021-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இணையம் வழியாகவே புகார் தரலாம். விசாரணையையும் காணொளியில் நடத்த முடியும். தனிநபர் பாலிசி, குடும்பம் முழுவதற்கும் பொதுவாக எடுக்கும் குடும்ப ஃப்ளோட்டர், நிறுவனம் தன் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் குழுக் காப்பீடு ஆகிய மூன்றுக்கும் இங்கே இடம் உண்டு. முன்பு 30 லட்சம் ரூபாய் வரைதான் ஆம்புட்ஸ்மேன் ஆணையிட முடியும். 2023 நவம்பரில் அந்த வரம்பு 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. சாதாரணக் குடும்பங்களின் மருத்துவ பில்லுக்கு இது தாராளமாகப் போதும்.

நேராக இங்கே போய்விட முடியாது. முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு மாதம் ஆகியும் பதிலே வராவிட்டாலோதான் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அன்றிலிருந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். தாமதமானால், நிறுவனத்தின் ஆட்சேபத்தைக் கேட்டுவிட்டு, நியாயமான காரணம் இருப்பதாகத் தோன்றினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆம்புட்ஸ்மேனுக்கு உண்டு. இருந்தாலும் அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். முதல் படியில் பலர் செய்யும் பிழை, கால் சென்டரில் பேசிவிட்டுப் புகார் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. கஸ்டமர் கேரில் எத்தனை முறை பேசியிருந்தாலும் விதியின் கண்ணுக்கு அது புகார் ஆகாது. மறுப்புக் கடிதத்தில் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதி, அனுப்பிய நாளுக்கு அத்தாட்சி வைத்திருக்க வேண்டும்.

இப்போது பெரியம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பாலிசி நான்காவது ஆண்டில் இருந்தது. இடைவெளி இல்லாமல் புதுப்பித்து வந்திருந்தார். நள்ளிரவில் மேல்வயிற்றில் கடும் வலி வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, அவசரப் பிரிவில் இருந்த டியூட்டி டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டிருக்கிறார்: சுகர் உண்டா, பி.பி. உண்டா, எத்தனை நாளாக, என்ன மாத்திரை. வலியில் துடித்துக்கொண்டிருந்தவரும் பதறிப்போய் நின்ற மகனும் சொன்ன பதில்களிலிருந்து கேஸ் ஷீட்டில் ஒரு வரி பதிவானது: ‘உயர் ரத்த அழுத்தம், பத்து ஆண்டுகளாக.’ அந்த வரி அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போனது. நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதி கிடைக்கவில்லை. பில்லைக் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தோம். ‘பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டார்’ என்று சொல்லி மொத்த க்ளெய்மும் மறுக்கப்பட்டது.

உண்மையில் அவருக்கு ரத்த அழுத்தம் கண்டுபிடிக்கப்பட்டது பாலிசி எடுத்த பிறகுதான். அதைச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. தாளில் காட்ட வேண்டும். தெருமுனை கிளினிக்கில் அவர் பல ஆண்டுகளாகப் பார்க்கும் மருத்துவர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் கொடுத்து, வரும்போதெல்லாம் அதில் தேதி, எடை, பிரஷர், மருந்து ஆகியவற்றை எழுதித் தருபவர். அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, பீரோவின் அடித்தட்டில் கிடந்த அந்த நோட்டுதான் வழக்கின் முதுகெலும்பு ஆனது. பாலிசி தொடங்கிய தேதிக்கு முந்தைய பக்கங்களில் பிரஷர் சாதாரண அளவில் பதிவாகியிருந்தது. மாத்திரை முதன்முதலாக எழுதப்பட்ட பக்கம் பாலிசியின் இரண்டாம் ஆண்டில் வந்தது. அந்தப் பக்கங்களின் நகலோடு, கேஸ் ஷீட்டில் உள்ள காலக்கணக்கு நோயாளியின் தரப்பில் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எழுதப்பட்டதே தவிர எந்த மருத்துவப் பதிவையும் பார்த்து எழுதப்பட்டதல்ல என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கினோம். இந்தக் கடிதத்தைக் கேட்கத் தயங்கக் கூடாது. பெரும்பாலான மருத்துவர்கள் காரணத்தைச் சொன்னால் எழுதித் தருகிறார்கள்.

புகார் படிவம் கடினமானதல்ல. பாலிசி எண், க்ளெய்ம் எண், எவ்வளவு தொகை கேட்கிறோம், நிறுவனத்துக்கு எப்போது எழுதினோம், என்ன பதில் வந்தது ஆகியவற்றை நிரப்பி, நடந்ததைச் சுருக்கமாக எழுதித் தர வேண்டும். இதே விஷயம் எந்த நீதிமன்றத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் நடுவர் தீர்ப்பாயத்திலும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழியும் கேட்கப்படுகிறது. இந்த உறுதிமொழியைச் சாதாரணமாகக் கடந்துபோகாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்துவிட்டால் அதே விஷயத்துக்காக ஆம்புட்ஸ்மேனிடம் வர முடியாது. ஆனால் ஆம்புட்ஸ்மேனின் ஆணை திருப்தி தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எந்தத் தடையும் இல்லை. நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் ஆணை புகார்தாரரைக் கட்டுப்படுத்துவதில்லை. இந்தச் சமமின்மை பாலிசிதாரருக்குச் சாதகமாக வேண்டுமென்றே வைக்கப்பட்டது; அதனால்தான் முதலில் ஆம்புட்ஸ்மேன், பிறகு தேவைப்பட்டால் ஆணையம் என்ற வரிசையை நான் வலியுறுத்துகிறேன். ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: நுகர்வோர் சட்டப்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்தை அணுகியாக வேண்டும். ஆம்புட்ஸ்மேனிடம் போகவே தாமதித்தவருக்கு இந்த இரண்டாவது வழியும் நெருக்கடியாகிவிடும்.

படிவத்தை நிரப்பும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். நடந்த அநியாயத்தையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்ற உந்துதலில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்: மருத்துவமனையில் காக்கவைத்தது, ஏஜென்ட் போனை எடுக்காதது, நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கையாளும் டி.பி.ஏ.-வின் மேசையில் இருந்தவர் முகம் கொடுத்துப் பேசாதது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் ஆம்புட்ஸ்மேன் தீர்க்கும் கேள்வி ஒன்றே ஒன்று: பாலிசியின் விதிமுறைப்படி இந்தத் தொகை கொடுக்கப்பட்டிருக்க வேண்டுமா, இல்லையா. மறுப்புக் கடிதத்தில் எந்த விதி எண் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அந்த விதிக்கு மட்டும் பதில் சொல்லும் ஒன்றரைப் பக்கம், பத்துப் பக்கக் குமுறலைவிட நன்றாக வேலை செய்யும். மறுப்புக் கடிதத்தில் விதி எண்ணே இல்லாவிட்டால் அதையே முதல் வாதமாக வைக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29-ல் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டுச் சுற்றறிக்கை, எந்த க்ளெய்மையும் அதற்கென அமைக்கப்பட்ட மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்றும், மறுக்கும்போது பாலிசியின் எந்த நிபந்தனையின் அடிப்படையில் மறுக்கிறோம் என்பதைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது.

விசாரணை காணொளியில் நடந்தது. பெரியம்மா தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து, மகனின் கைபேசியில் கலந்துகொண்டார். நிறுவனத்தின் தரப்பில் ஒரு அதிகாரி வந்தார். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது என்பது இங்கே வெறும் சலுகையாக நின்றுவிடுவதில்லை. பேச்சின் தன்மையையே அது மாற்றிவிடுகிறது. சட்டச் சொற்களை வீசி மிரட்ட யாரும் இல்லை. நடந்ததைத் தமிழிலேயே சொல்ல விட்டார்கள். நிறுவனத்தின் அதிகாரியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, பாலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தைப் பற்றியது: நோய் குறித்த கேள்விக்கு அதில் என்ன பதில் எழுதப்பட்டிருக்கிறது, அதை நிரப்பியவர் யார். பாலிசி தொலைபேசி வழியாக விற்கப்பட்டிருந்தது. பத்து ஆண்டுகளாக நோய் இருந்ததற்கு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தவிர வேறு ஆதாரம் உண்டா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. நோட்டுப் புத்தகத்தின் நகல் முன்கூட்டியே கோப்பில் இருந்தது. மொத்த விசாரணையும் ஒரு மதிய உணவு இடைவேளை அளவுக்குக்கூட நீளவில்லை.

இந்த இடத்தில் சட்டத்தின் நிலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மறுக்கப்படும் மருத்துவ க்ளெய்ம்களில் மிகவும் சர்ச்சைக்குரியது இந்த ‘முன்பே இருந்த நோய்’ விவகாரம்தான். நோயை மறைத்தால் பரவாயில்லை என்று சட்டம் சொல்லவில்லை. நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் இருந்ததை வெளிப்படுத்தாத ஒருவரின் வழக்கில், மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். மறுபக்கத்தில், 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு ஒன்று பாலிசிதாரர்களுக்குப் பெரிய துணை. அமெரிக்காவுக்குப் பயணம் போவதற்காக மருத்துவக் காப்பீடு எடுத்தவர், தனக்கு நீரிழிவு இருப்பதைப் படிவத்தில் எழுதியிருந்தார். அங்கே மாரடைப்பு ஏற்பட்டபோது நிறுவனம் பணம் தர மறுத்தது. நோயை வெளிப்படுத்திய பிறகு, அதை மதிப்பிட்டு பாலிசி கொடுத்துவிட்ட நிறுவனம், அதே நோயைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் நேரானது: படிவத்தில் உண்மையை எழுதியவர்தான் பிற்பாடு பலமாக நிற்கிறார். பிரீமியம் கூடிவிடும் என்று பயந்து ‘எதுவும் இல்லை என்று போட்டுவிடுங்கள்’ எனச் சொல்லும் ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்பவர், பல ஆண்டுகள் கழித்து ஆம்புட்ஸ்மேன் முன்னால் வந்தாலும் அவர் கைகள் கட்டப்பட்டேயிருக்கும்.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இடைவெளி இல்லாமல் தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தால், அதற்குப் பிறகு தகவல் மறைப்பையோ தவறான தகவலையோ காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. நிரூபிக்கப்பட்ட மோசடி மட்டுமே விதிவிலக்கு. முன்பு 8 ஆண்டுகளாக இருந்த இந்தக் கால அளவு 2024 ஏப்ரல் முதல் 5 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அதே நேரத்தில், முன்பே இருந்த நோய்களுக்குக் காப்பீடு கிடைக்காத தொடக்கக் காலமான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பும் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக இறங்கியது. இடையில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு இந்தக் கணக்கு உயர்த்திய நாளிலிருந்துதான் தொடங்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரியம்மாவின் பாலிசி நான்காவது ஆண்டில்தான் இருந்ததால் இந்த விதி அவருக்கு உதவவில்லை. நோட்டுப் புத்தகம்தான் உதவியது. ஐந்து ஆண்டு கடந்த பாலிசி வைத்திருந்தும் ‘தகவலை மறைத்துவிட்டீர்கள்’ என்ற கடிதம் வந்திருப்பவர்கள் தயங்காமல் போக வேண்டிய இடம் இது.

ஆணையில் க்ளெய்ம் தொகையைக் கொடுக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. ஆனால் பில்லில் இருந்த முழுத் தொகையும் அல்ல. பதிவுக் கட்டணம், கையுறை போன்ற பாலிசியில் சேராத சில இனங்கள் கழிக்கப்பட்டன. ரூம் வாடகையில் ஒரு பிடித்தமும் இருந்தது. இந்தப் பிடித்தம் பலருக்குப் புரியாமல் போவதால் சற்று விளக்குகிறேன். பாலிசியில் ஒரு நாள் ரூம் வாடகைக்கு 4,000 ரூபாய் வரம்பு இருக்கும்போது 5,000 ரூபாய் அறையில் தங்கினால், வித்தியாசமான 1,000 ரூபாயை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படியல்ல. அறையின் தரத்தை வைத்து மருத்துவமனை வசூலிக்கும் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்ற இணைச் செலவுகளிலும் அதே விகிதத்தில், அதாவது ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கப்படும். ஆனால் சில நிறுவனங்கள் மொத்த பில்லிலும் அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுகின்றன. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-ல் கொண்டுவந்த வழிகாட்டுதலின்படி மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் செலவை இணைச் செலவாகக் கணக்கிடக் கூடாது, ஐ.சி.யு. கட்டணத்துக்கும் இந்த விகிதக் கழிவு கூடாது; அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையில் இந்தக் கழிவையே செய்யக் கூடாது. உங்கள் பாலிசி ஆவணத்தின் வரையறைகள் பகுதியில் இணை மருத்துவச் செலவு என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். முழு மறுப்புக்கு மட்டுமல்ல, இப்படிப்பட்ட பகுதி மறுப்புக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் தரலாம். இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய்க் கழிவுக்காக யாரும் வழக்கறிஞர் வைத்து வழக்காட மாட்டார்கள் என்ற துணிவில்தான் அவை கழிக்கப்படுகின்றன. கட்டணமில்லாத இந்த அமைப்பின் பயன் அங்கேதான் முழுமையாகத் தெரிகிறது.

ஆணை வந்த பிறகு நிறுவனம் 30 நாட்களுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். தவறினால் புகார்தாரருக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது; விதிகளின்படியான வட்டி இதற்கு மேல். ஆம்புட்ஸ்மேனின் ஆணை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்றாலும், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழி நிறுவனங்களுக்கு அடைபட்டுவிடவில்லை. சிறிய தொகைகளுக்கு அவ்வளவு தூரம் போவது அரிது. பெரியம்மாவுக்குப் பணம் கெடுவுக்குள் வங்கிக் கணக்கில் வந்தது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இருக்காது. முதல் குறை, இந்த அமைப்புக்குத் தரப்பட்ட அதிகாரத்தின் எல்லை. நேரடியாக ஏற்பட்ட இழப்புக்கு மேல் ஆம்புட்ஸ்மேன் இழப்பீடு தர முடியாது. க்ளெய்ம் மறுக்கப்பட்டதால் நகையை அடகு வைத்து வட்டி கட்டியது, பணம் புரட்ட முடியாமல் சிகிச்சையைத் தள்ளிப்போட்டது, அதனால் நோய் முற்றியது, மாதக்கணக்கில் பட்ட மன உளைச்சல் எல்லாம் இங்கே கணக்கில் ஏறாது. அவற்றுக்கும் சேர்த்து நிவாரணம் கேட்க நினைப்பவர், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே மாவட்ட ஆணையத்தில், பிரீமியமாகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆனால் வாய்தாக்களின் நீளம் வேறு கதை.

இரண்டாவது குறை, மொழி. விசாரணையில் தமிழில் பேச முடிகிறது. ஆனால் நான் பார்த்த படிவங்களும் ஆணைகளும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. தன் உடலைப் பற்றியும் தன் பணத்தைப் பற்றியும் ஒரு சட்ட அமைப்பு என்ன முடிவுக்கு வந்தது என்பதைப் பெரியம்மா இன்னொருவர் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். தமிழ்நாட்டு மக்களுக்காகவே இயங்கும் ஓர் அலுவலகத்தின் ஆணைக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கமாவது இணைக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பாலிசி ஆவணங்களும் இதே நிலைதான் என்றாலும், ஒரு தவறை இன்னொரு தவறால் நியாயப்படுத்த முடியாது.

மூன்றாவது, ஒரு மாநிலம் முழுவதற்கும் ஒரே அலுவலகம் என்பது. காணொளி வந்த பிறகு நாகர்கோவிலிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பேருந்து ஏறி வர வேண்டியதில்லை என்பது பெரிய மாற்றம். ஆனாலும் ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றவும், படிவத்தை நிரப்பவும் வீட்டில் ஒரு பிள்ளை இல்லாத முதியவர்கள் என்ன செய்வார்கள்? மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஆண்டுக்குச் சில முறை முகாம் வைத்துப் புகார் வாங்கினால், இப்போது வெளியே நிற்கும் பெருங்கூட்டம் உள்ளே வரும்.

கால அளவைப் பற்றியும் ஒரு சொல். தேவையான ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் ஆணை தர வேண்டும் என்பது விதி. ‘எல்லாம் வந்து சேர்ந்த நாளிலிருந்து’ என்பதில்தான் சூட்சுமம். ஒரு ஆவணம் குறைந்தால் கடிகாரமே ஓடத் தொடங்காது. கேஸ் ஷீட்டின் முழு நகலை மருத்துவமனையிலிருந்து வாங்குவதில்தான் பலருக்கும் நாட்கள் ஓடுகின்றன. டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே மருத்துவப் பதிவுப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களின் தொழில்முறை நடத்தை குறித்த 2002-ம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டு எழுதினால் வேலை சற்று வேகமாக நடக்கும். சமரசத்துக்கு இரு தரப்பும் சம்மதித்தால் ஆம்புட்ஸ்மேன் ஒரு மாதத்துக்குள் பரிந்துரை தரும் வழியும் விதியில் இருக்கிறது. தொகையில் மட்டும் தகராறு என்றால் அந்த வழி நல்லது. நோயை மறைத்தார் என்ற பழி சுமத்தப்பட்டிருந்தால் முழு விசாரணையைக் கேட்பதே சரி, ஏனென்றால் அந்தப் பழி பாலிசியின் வருங்காலப் புதுப்பித்தலையும் தொடும்.

எந்தப் புகாருக்கு இந்த அமைப்பு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவமனை அதிகமாக வசூலித்தது, சிகிச்சையில் கவனக்குறைவு நடந்தது போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து அவற்றுக்கு நுகர்வோர் ஆணையமே இடம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுபவர்களுக்கு அந்தத் திட்டத்துக்கென்று தனிக் குறைதீர்ப்பு ஏற்பாடு இருக்கிறது. மனநோய்க்கான சிகிச்சையை பாலிசியில் சேர்க்க மறுத்தால் இங்கே வரலாம்; உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 21-ம் பிரிவில் கட்டளையிடுகிறது. அந்த உரிமையைக் கோருவோர் இன்னும் குறைவாகவே இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

நோயாளி இன்னும் கட்டிலில் இருக்கும்போது, கேஷ்லெஸ் அனுமதி வராமல் டிஸ்சார்ஜ் நின்றுபோயிருக்கும் அந்த மணி நேரங்களுக்கு ஆம்புட்ஸ்மேன் உதவ மாட்டார். அவருடைய வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. அந்த நேரத்துக்கு உள்ள விதி வேறு: கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மருத்துவமனை இறுதி பில்லை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதி தர வேண்டும், அதைத் தாண்டித் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். இன்சூரன்ஸ் மேசையில் காத்திருக்கும்போதே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 155255 என்ற எண்ணை அழைத்தோ, அதன் புகார் இணையதளமான பீமா பரோசாவிலோ புகாரைப் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஆம்புட்ஸ்மேனிடம் போக நேர்ந்தால், பில் எத்தனை மணிக்குப் போனது, பதில் எத்தனை மணிக்கு வந்தது என்ற குறிப்போடு அந்தப் புகார் எண்ணையும் இணைப்பில் சேர்க்கலாம்.